வேட்டிக்கு அந்தப் பக்கம்

மாப்ள,

இன்று எங்கள் பள்ளிக்கு மின்சார விளக்கால் திரையில் படம் காட்டும் கருவி வந்தது. விளக்கைப் போட்டதும் தகரம் சூடேறி ஒரு வாடை கிளம்பியது. மண்ணெண்ணெய் மட்டும்தான் குறை; மற்றபடி நம் பழைய விளக்குப்பெட்டியின் அதே வாடை. உன் நினைப்பு வந்துவிட்டது.

செல்லூர்த் தறிக்காரர்களுக்கு நாம் சாயங்கால வகுப்பு எடுத்தோமே. அந்தச் சந்தில் இருட்டிவிட்டால் கரும்பலகை தெரியாது. நீ கண்ணாடித் துண்டுகளில் எழுத்துகளை எழுதி, வெளிச்சம் ஊடுருவ நனைத்துச் சந்தின் குறுக்கே கட்டிய வேட்டியில் விளக்குப்பெட்டியால் பெரிதாக்கிக் காட்டினாய். ஆண்கள் விளக்குப் பக்கம், பெண்கள் வேட்டிக்கு அந்தப் பக்கம். தெரு வழக்கம் அது. நாமும் அந்தப் பக்கம் போகமாட்டோம். இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிகிறதென்று நமக்கு ஒரே பெருமை.

பேச்சியக்காவை மறந்திருக்கமாட்டாய். கொழும்புக்குப் போன கணவருக்குத் தன் கையால் எழுதவேண்டும் என்பதற்காகவே வந்தவர். ஒருநாள் சிலேட்டோடு இந்தப் பக்கம் வந்து நீட்டினார். அழகான எழுத்து, ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் இடவலம் மாறியிருந்தது. வேட்டியின் பின்புறம் தெரிந்ததை அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அப்படியே படித்திருந்தார்கள். ஆண்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

“இம்புட்டு நாளு படிச்சது இதுக்குத்தானா? இனி நாங்க யாரும் வரல” என்று சிலேட்டைக் கீழே வைத்தார்.

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ விளக்குப்பெட்டியிலிருந்து கண்ணாடித் துண்டை உருவி, புறம் மாற்றிச் செருகினாய்.

“என்னண்ணே, எழுத்து திரும்பித் தெரியுது?” என்று ஆண்கள் கத்தினார்கள்.

“அந்தப் பக்கம் நேராத் தெரியுதுண்ணே. இனிமே இப்படித்தான். வேணும்னா அங்க போய் உக்காருங்க, இடம் கெடக்கு” என்றாய் நீ.

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்துபோய்ப் பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பேச்சியக்காவின் கடிதமும் கொழும்புக்குப் போனது, பிழைகளோடு.

இன்றைய கருவியைப் பார்க்க நீ இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது, மாப்ள. இப்போது திரைக்குப் பின்னால் வெறும் சுவர்தான். ஆனாலும் பாடம் தொடங்குமுன் கடைசி மூலைக்குப் போய், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். தூண் பாதிப் படத்தை மறைத்தது. எழுந்துபோய்த் திரையை நகர்த்திக் கட்டினேன்.