கிட்டாருக்கு ஒரு கனத்த குரல்

1975 செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றும் அதே கதைதான். ஆம்ப்ளிஃபயரைக் கடைசிவரை திருகினாலும் என் கிட்டாரில் கனம் வரவில்லை. மாடி ட்யூப்லைட்டின் உறுமல்தான் கூடுகிறது. தப்பு பிக்கப்பில். கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கும் அந்தக் கட்டையில் ஒரே ஒரு சுருள். மெல்லிசைக்குச் சரி, ஹெவி ராக்குக்கு உதவாது. எங்கள் டிரம்மர் ரகுபதி மூஞ்சிக்கு நேராகவே சொன்னான்: "மச்சி, பால்காரன் சைக்கிள் மணி மாதிரி கீது."

அக்டோபர் 18 அன்று ஹோட்டல் பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். கிடைக்காவிட்டால் தீபாவளியிலிருந்து உஸ்மான் ரோட்டுப் பாத்திரக்கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். கிடைக்குமா? எனக்கே நம்பிக்கை இல்லை.

செப்டம்பர் 27

கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் கொண்டுவந்த இரண்டு பிக்கப்புகளை, தேனாம்பேட்டை சேட்டுவின் ரேடியோ ரிப்பேர் கடையில் மாட்டிப் பார்த்தோம். ஒன்று ஒற்றைச் சுருள்: கம்பிக்குக் கம்பி தெளிவு, ஆனால் உறுமல் போகவில்லை. மற்றது இரட்டைச் சுருள்: தெளிவு கொஞ்சம் மங்கல்தான். ஆனால் உறுமலே இல்லை, அடித்தால் நெஞ்சில் இடிக்கிறது. இரட்டையே என்று முடிவு செய்தேன். பழசை எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 5

புதுப் பிக்கப்பின் தகர உறையைக் கழற்றினால் சத்தம் இன்னும் கடிக்கும் என்றான் ரகுபதி. கழற்றினேன். சுருளைச் சுற்றியிருந்த டேப்பும் உரிந்து வந்துவிட்டது. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி வெளியே தெரிகிறது. ஆனால் சத்தம் — ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பேண்டில் இடம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

அக்டோபர் 12

நாளை ஆயுத பூஜை. கடை ஆட்களெல்லாம் பாத்திரம் விளக்குகிறார்கள். நான் பூசணிக்காய்க்கும் பொரிக்கும் அலைந்தேன்.

அக்டோபர் 13

பூஜையில் தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவில் என் கிட்டார். சந்தனம், குங்குமம், கதம்பம் எல்லாம் வைத்து. மூன்று வருஷமாக அதை ஏறெடுத்தும் பார்க்காத அப்பாதான் மாடியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். "ஒன் ஆயுதம் இதானல. இரும்பெல்லாம் மங்கிக் கெடந்துச்சு. நானே புளி போட்டு வெளக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், பிக்கப்பின் திருகுகள்கூடப் பளபளவென்று இருந்தன. எதை வைத்துத் தேய்த்தீர்கள் என்று கேட்டேன். தேங்காய் நார் என்றார், பெருமையாக. கடையில் அப்படித்தானே குத்துவிளக்கின் இண்டு இடுக்கெல்லாம் தேய்க்கிறார்கள்.

பூஜையில் வைத்ததை இன்று தொடக்கூடாது. நாளை வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அக்டோபர் 14, விஜயதசமி

சத்தமே இல்லை.

சேட்டு பிரித்துப் பார்த்தான். சுருள் முழுக்கப் புளிக்கரைசல், நார்த் துணுக்கு. "எங்க பாத்தாலும் அறுந்துகினு கீது நைனா. முச்சூடும் புச்சா சுத்தணும்." அவ்வளவு மெல்லிய கம்பி சனிக்கிழமைக்குள் கிடைக்காது என்றும் சொன்னான். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் ஆசையாகச் செய்ததாச்சே.

அக்டோபர் 18

பழைய பிக்கப்பையே மாட்டிக்கொண்டு போனேன். அந்த ஹோட்டல் ஹாலில் எத்தனை விளக்குகள்! நான் வாசிப்பதற்கு முன்பே கிட்டார் உறுமத் தொடங்கியது. பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். கை நல்ல கைதான், சத்தத்தில் சதை இல்லை என்றார் பேண்ட் தலைவர். போச்சு. எல்லாம் போச்சு.

நவம்பர் 1

நாளை தீபாவளி. காலையிலிருந்து கடையில் நிற்கிறேன். மத்தியானம் கூட்டம் குறைந்தபோது அப்பா என் முகத்தைப் பார்க்காமல், எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"தனபாலா, நான் தொட்டதாலயால கெடைக்கல? எங் கை ராசி கெட்டதோ?"

"இல்லப்பா. வேற ஒருத்தன் நல்லா வாசிச்சான்."

அவர் முகம் தெளிந்தது. அடுத்த வருஷமும் தானே விளக்கித் தருவதாகச் சொன்னார். சரி என்றேன்.