புதுசுகள் அறையைத் தொடங்கியவளுக்கு

நேற்று மில்லில் இருந்து வீட்டுக்கு வந்தபோது கேட்டில் ஒரு கூரியர் பை தொங்கிக்கொண்டிருந்தது. பிரித்தால் கறுப்பு டி-சர்ட். புது அச்சின் பிளாஸ்டிக் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. நெஞ்சில் ஒரு ராட்சத இயந்திரத்தின் படம், அதன் தோளில் ஒரு ஊறுகாய் ஜாடி. கீழே ‘ஊறுகாய் நினைவுக் கோப்பை’ என்று எழுத்து. திருப்பிப் பார்த்தேன். முதுகில், ‘புதியவர்களின் தாய்’.

உன்னைத்தான் சொல்கிறார்கள். எந்த வாயால் உன்னை வெளியே போகச் சொன்னார்களோ, அதே வாயால். டி-சர்ட்டை அப்படியே கொண்டுபோய் கிரைண்டர் துடைக்கிற துணிகளோடு போட்டேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று லீவு போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சாந்தமாக எழுத வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், நான் அந்த விளையாட்டுக்குள் வந்ததே கால் உடைந்ததால்தான். மில் ஆபீஸ் படியில் வழுக்கி விழுந்து, ராஜபாளையம் வீட்டில் இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தேன். அண்ணன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தான். காசில்லாமல் என்ன கிடைக்கும் என்று தேடியதில் அது கிடைத்தது. மூன்று மாடி உயர இரும்பு மனிதன் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் அதை ஆடுகிறவர்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பேரும் வருடக்கணக்காக ஆடி ஊறியவர்கள். புதிதாக வருகிறவனை அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டுப் பந்தியில் பத்திரிகை இல்லாமல் உட்கார்ந்தவனைப் பார்க்கிற பார்வை.

முதல் ஆட்டத்தில் எதிரியைக் கண்டதும் எல்லாத் துப்பாக்கியையும் ஒன்றாக அழுத்தினேன். சூடு தாங்காமல் என் வண்டி அணைந்து நட்ட நடுவில் நின்றது. என்னைச் சுட்டுத் தள்ளினார்கள். அதைவிட, என் பக்கத்து ஆட்களே எழுத்தில் கேவலமாகத் திட்டினார்கள். நாற்பது வயதில், கால் கட்டோடு, யாரென்றே தெரியாத பையன்கள் திட்டியதற்கு அழுதேன். அப்போதுதான் ‘ஊறுகாய்’ என்ற பெயரில் இருந்து ஒரு வரி வந்தது: “தமிழா? எந்த ஊரு?”

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்பீஸ் துணிக்கடை வைத்திருந்த உனக்கும் நாற்பதுதான் வயது. மதியம் இரண்டில் இருந்து நாலு வரை கடையில் ஈ கூட வராது என்றும், அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவதாகவும் சொன்னாய். கட்டுப் பிரித்ததும் நான் பஸ் ஏறி வந்தேன். துணி வெட்டுகிற மேசையில் நூல்கண்டுகளை வரிசையாக நிறுத்தி, இது நாம, இது அவனுக என்று காட்டினாய். இயந்திரத்தின் கால் ஒரு பக்கம் போகும், இடுப்புக்கு மேலே வேறு பக்கம் திரும்பும். எனக்கு அதுதான் பிடிபடவே இல்லை.

“ஏட்டி, ஓடுற பஸ்ல இருந்து எறங்க மாட்டியா? காலு ரோட்டப் பாக்கும், கண்ணு கண்டக்டரப் பாக்கும். அம்புட்டுத்தான்.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் நான் பார்த்த வீடியோக்கள் எத்தனை! ஒருவனுக்கும் பஸ் ஞாபகம் வரவில்லை.

ஞாயிறு மதியம் புதியவர்களுக்கென்று ஒரு அறை திறக்கலாம் என்றாய். விளையாட்டுக்குள்ளேயே தனி மைதானம், பேசிக்கொள்ள ஒரு குரல் அறை. பெயர் ‘புதுசுகள்’. நாம் இருவரும் ஆடிய குழுவின் லீடர், அந்தக் கோயம்புத்தூர்க்காரர், முதலில் சிரித்தார். பிறகு, புதுசுகளில் இருந்து தேறியவர்கள் குழுவுக்கு ஆள் பலம் ஆனதும் சிரிப்பை நிறுத்தினார். ஆனால் ஒரு ஞாயிறுகூட வந்து உட்கார்ந்ததில்லை. நீயும் நானும்தான். ஒரே கேள்வியை ஏழு பேர் ஏழு தடவை கேட்பார்கள். ஏழாவது ஆளுக்கும் நீ முதல் தடவை சொல்கிற மாதிரியே சொல்வாய். எனக்குப் பொறுமை போய்விடும். “செத்த நேரம் சும்மா இருட்டி, அவனுக்கு இதான் மொதத் தடவ,” என்பாய்.

அப்படி வந்தவர்தான் மம்பட்டி. விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. செட்டியார்பட்டிக்காரர், ஐம்பது வயது இருக்கும். பல வருடம் முன்பு மில் மெஷினில் வலது கையின் மூன்று விரல் போய்விட்டது. “எடது கையாலயே ஓட்ட முடியுமா தாயி?” என்று கேட்டார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ, “ஒரு வாரம் குடுங்கண்ணே,” என்றாய்.

அந்த ஒரு வாரம் நீ உன் வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு ஆடினாய். நான் வந்தபோது பார்த்தேன். கடைக்கு வந்த ஒரு அம்மா கையில் என்ன அடி என்று விசாரித்தாள். ஒரு கையால் எத்தனை பொத்தான் அழுத்த முடியும், எதை எங்கே மாற்றி வைக்கலாம் என்று காகிதத்தில் குறித்தாய். கடைசியில் அவருக்கென்று ஒரு வண்டி அமைந்தது. மெதுவாக நடக்கும்; பின்னால் மேட்டில் நின்று தூரத்தில் இருந்து ஏவுகணை விடும். சண்டை போடுவதைவிட எதிரி எங்கே வருகிறான் என்று பார்த்துச் சொல்வதுதான் அதற்கு முக்கிய வேலை. மம்பட்டி அண்ணனின் கண் அதற்கென்றே செய்தது. “ரெண்டு பேரு வடக்காம வாரான்,” என்று அவர் சொன்னால் ரெண்டு பேர் வடக்கில் இருந்துதான் வந்தார்கள்.

அடுத்த பகுதியை எழுதத்தான் லீவு போட்டேன்.

போட்டித் தொடரின் லீக் சுற்றில் ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் வரவில்லை. ஆள் சேர்க்கும் பொறுப்பு உன்னுடையது. நீ மம்பட்டி அண்ணனைச் சேர்த்தாய். தோற்றோம். அவரால் தோற்கவில்லை, பதிவை நான் பிறகு மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். அவர் தெற்கே ஆள் வருகிறது என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், லீடர்தான் காதில் வாங்காமல் முன்னே ஓடியிருக்கிறார். ஆனால் ஆட்டம் முடிந்ததும் குரல் அறையில் லீடர் ஆரம்பித்தார்.

“இது மறுவாழ்வு மையம் இல்லீங்க. கை இல்லாதவரக் கூட்டிட்டு வந்து டீம்ல போடறதுக்கு நாங்க என்ன தர்மத்துக்கா ஆடறோம்?”

“அவருக்குக் கை இருக்கு. ஒங்களுக்குத்தான் காது இல்ல,” என்றாய் நீ.

அறையில் பதினான்கு பேர் இருந்தோம். மம்பட்டி அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். லீடர் குரலை உயர்த்தவே இல்லை. “சரிங்க. ஊறுகாய் இனிமே குழுவுல வேண்டாம். யாருக்காவது மறுப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க,” என்றார்.

ஒருவர் மட்டும் பேசினார். “நான் போயிருதேன் சார். அந்தத் தாயி இருக்கட்டும்.”

“நீங்க பேசாதீங்க,” என்றார் லீடர்.

என் விரல் பொத்தான் மேலேதான் இருந்தது. அழுத்தினால் என் குரல் கேட்கும். முந்தின வாரம்தான் லீடர் என்னிடம், அடுத்த ஆட்டத்தில் இருந்து முன்வரிசையில் உங்களுக்கு நிரந்தர இடம் என்று சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக நான் ஆசைப்பட்ட இடம். கேவலம் ஒரு விளையாட்டில் ஒரு இடம். அதற்காக விரலை எடுத்துவிட்டேன். உன் பெயர் பட்டியலில் இருந்து மறைவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் உன் போன் வந்தது. கிழி கிழியென்று கிழிக்கப் போகிறாய் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். நீ கேட்டது வேறு.

“மம்பட்டி அண்ணன் போனே எடுக்க மாட்டேங்காரு. ஒனக்குப் பக்கந்தான, ஒரு எட்டு செட்டியார்பட்டி போயிப் பாத்துட்டு வாயேன்.”

“போறேன்,” என்றேன்.

“நேத்து…” என்று நானே இழுத்தேன்.

“அது கெடக்குட்டி. மொதல்ல அவரப் போயிப் பாரு.”

கெடக்குட்டி! எப்படிச் சொன்னாய் அதை? ஏன் என்னைத் திட்டவில்லை? திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், பொறவு அழுதிருப்பேன், அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்து உன் கடையில் நின்றிருப்பேன். நீ கதவைத் திறந்தே வைத்துவிட்டாய். திறந்த கதவுதானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன். லீடர் மேல் எனக்குக் கோபம், என் மேல் கோபம், அதெல்லாம் சரி. உன் மேலும் கோபம் இருக்கிறது. உன் பெருந்தன்மை எனக்கு எந்த நல்லதும் செய்யவில்லை.

நான் செட்டியார்பட்டிக்குப் போகவில்லை. தினமும் மில் முடிந்ததும் முன்வரிசைப் பயிற்சி. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். மூன்றாவது வாரம் நீ போனில் இருமினாய். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிபார்ம் துணிக்குக் கூட்டம் நெரிகிறது, “வெறும் காச்சல்தாண்டி, நெலவேம்பு குடிச்சிருக்கேன்,” என்றாய். நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. அஞ்சாம் நாள் உன் எண்ணில் இருந்து உன் தம்பி பேசினார். டெங்கு, மதுரைக்குக் கொண்டுபோனோம், வழியிலேயே நினைவு தப்பிவிட்டது என்றார். மறுநாள் நீ இல்லை.

சாவு வீட்டில் உன் தம்பி என்னைப் பார்த்து, “அக்காவுக்கு நீங்க எப்படிப் பழக்கம்?” என்று கேட்டார். “கூட விளையாடுறவ,” என்றேன். அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த ஒரு பெண், “பள்ளிக்கூடத்துல சேந்து வெளையாண்டவுகளாம்,” என்று அவருக்கு விளக்கம் சொன்னாள். நான் திருத்தவில்லை. அங்கேயும் பேசவில்லை.

உன்னை எடுத்துவிட்டு ஆடிய ஆட்டத்திலும் தோற்றோம் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். முன்வரிசையில் நான்தான் முதலில் செத்தேன்.

ஒரு மாதம் கழித்து லீடர் அறிவித்தார், ஊறுகாய் நினைவுக் கோப்பை. உன்னைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். குழுவின் இதயம், பொறுமையின் வடிவம். நூற்றுக்கணக்கில் கும்பிடுகிற கை எமோஜிகளும் அழுகிற முக எமோஜிகளும் கீழே. வெளியேற்றியது பற்றி ஒரு எழுத்து இல்லை. தொடக்க நாளில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம், நெருங்கிய தோழியாம். ஒத்துக்கொண்டேன்.

குரல் அறை நிறைய ஆட்கள். என் முறை வந்தது. “இந்தக் கோப்பைக்குப் பேரு வச்சிருக்கீங்களே, அவள நீங்கதான் வெளிய தள்ளுனீங்க. கையில வெரல் இல்லாத ஒரு மனுசன ஆட்டத்துல சேத்ததுக்கு. அன்னைக்கு இங்க பதினாலு பேரு இருந்தோம், ஒரே ஒருத்தருதான் வாயத் தொறந்தாரு. அவரையும் பேசாதன்னு சொன்னீங்க. நானும் ஊமையா…”

அதோடு என் குரலை அணைத்துவிட்டார்கள். என்னைச் சுற்றி எல்லாரும் பேசுவது கேட்கிறது, நான் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. “அவங்க ரொம்ப எமோஷனலா இருக்காங்க, புரிஞ்சுக்கலாம்,” என்றார் லீடர். பிறகு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். என்னையும் குழுவில் இருந்து எடுத்துவிட்டார்கள்; டி-சர்ட் அனுப்புகிற பட்டியலில் இருந்து மட்டும் என் பெயரை எடுக்க மறந்திருக்கிறார்கள். அப்போதும் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

அடுத்த ஞாயிறு செட்டியார்பட்டிக்குப் போனேன். நீ அனுப்பி எத்தனை நாள் கழித்து! மம்பட்டி அண்ணன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். புதுசுகள் அறையை மறுபடி திறக்கலாம், நீங்களும் வாங்க என்றேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அன்னைக்கு நீங்களும் அங்கன இருந்தீகள்ல?”

“இருந்தேன்ணே.”

“என்னையப் பத்திப் பேசுனது போகட்டும். ஒங்க கூட்டாளியத் தள்ளுதான், அப்பமும் பேசல. ஏன்?”

முன்வரிசை இடத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் காறித் துப்பவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “நான் வாரேன். ஒங்களுக்காவ இல்ல,” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் பம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இப்போது ஞாயிறு மதியங்களில் அறை திறக்கிறது. மூன்று பேர் வருவார்கள், சில வாரம் ஒருவர். மம்பட்டி அண்ணன்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார். என்னைவிட அவருக்குப் பொறுமை அதிகம். காலம் போனால் ஆறிவிடும் என்று மில்லில் கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். உன்னைப் புகழ்ந்து எழுதிய ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது எரிகிறதே, அந்த எரிச்சல்தான் வாரா வாரம் என்னை அந்த அறையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. அன்பினால் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அருகதை இல்லை.

புதிதாக யார் வந்தாலும் ஆட்டத்தைத் தொடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு கிருஷ்ணன்கோவில் ஹாஸ்டலில் இருந்து ஒரு பெண் வந்தாள், இஞ்சினியரிங் படிக்கிறவள். அவளிடமும் சொன்னேன்: “இந்த அறைய ஆரம்பிச்சவ இப்ப இல்ல. அவ உசுரோட இருக்கும்போதே எல்லாரும் சேந்து அவள வெளிய தள்ளுனாங்க. நானும் கூட இருந்தேன். பேசல. இது தெரிஞ்சு நீ இங்க இருக்கணும்னா இரு.”

அந்தப் பெண் கேட்டாள், “அப்ப, என்னைய யாராச்சும் தள்ளுனா நீங்க பேசுவீங்களாக்கா?”

“பேசுவேன்,” என்றேன்.

மம்பட்டி அண்ணன் தொண்டையைச் செருமினார். “அதப் பாக்கத்தான் நானும் இங்கன உக்காந்திருக்கேன்,” என்றார்.