வெட்டிய ஆறு வரிசையும் விட்டுப் படித்த பத்தியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் நலத்தை உன் வாயால் கேட்டு ஏழு வாரம் ஆகிறது, ஆகையால் நீயும் நலம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். ராஸ்பெர்ரி அறுவடை போன வாரம் முடிந்தது. பதினொரு வரிசையில் ஐந்து வரிசை நன்றாகவே பழம் கொடுத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதி ஆறு வரிசை இலையும் முள்ளுமாக ஆள் உயரத்துக்கு நிற்கிறது. வழியில் போகிறவர்கள் என்ன செழிப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன். பாதி ஆள் போதும் என்று ஆகிவிட்டதால் மேஸ்திரி எட்டுப் பெண்களை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டாள். அங்கே உட்கார்ந்து சாப்பிட மேசை நாற்காலி போட்டிருக்கிறார்களாம், இனி அவர்கள் நம் பக்கம் திரும்பிப் பார்ப்பது சந்தேகம்தான். குளிர்கிடங்குக்காரர் நமக்கு ஒதுக்கிய மூலையில் யாருடைய பட்டாணி மூட்டையையோ அடுக்கிவிட்டு என்னைக் கண்டால் வேறு எங்கோ பார்க்கிறார்.

உன் இரண்டு வரிக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒன்பது நாட்டு விளைச்சலை ஒப்பிட்டு நீ தயாரித்த அறிக்கையை அடுத்த மாதம் விவசாயிகள் கூட்டத்தில் நீ வாசிக்கப் போவதில்லை, மாத முடிவுக்குள் வேறு ஆளைப் போடச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறாய், சொந்த அப்பாவின் தோட்டத்துக்கே தப்பாக யோசனை சொன்னவளுக்கு ஒன்பது நாட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்டிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன். கண்ணு, நீ தப்பாக எதையும் சொல்லவில்லை, சரியாகத்தான் எழுதியிருந்தாய், நான்தான் அதை அவருக்குப் படிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மேலே எழுதிய செய்தியெல்லாம் பேனா ஓடுவதற்காக எழுதியது.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்குப் போன் என்றால் கத்துவது, கடிதம் என்றால் கேட்பது. நீ அங்கே வேலைக்குப் போனதிலிருந்து ஆறு வருடமாகக் கொட்டகையில் தரம் பிரிக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து படிக்க, அந்தப் பக்கம் அவர் உடைந்த பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டே கேட்பார். உனக்குத் தெரியாதது, நான் படிக்கும்போது கொஞ்சம் கத்திரி போடுவேன். அவர் மனம் கோணும் என்று தோன்றுகிற வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன், ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை. குளிர்காலத்துத் தொடக்கத்தில் வந்த உன் நீளமான கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் ஹெக்டேருக்கு ஏறக்குறைய பதினைந்து டன்னைத் தாண்டுகிறது, செர்பியாவிலும் போலந்திலும் ஐந்தாறு டன்னோடு நிற்கிறது என்று அட்டவணை போட்டிருந்தாய். நமக்கு நல்ல வருடத்திலேயே ஏழு டன்தான் என்பதால் அவர் ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டார். அதிகம் விளைகிற இடங்களில் பாலித்தீன் கூடாரம் போட்டுக் கடைக்கு அப்படியே போகிற பழமாக வளர்க்கிறார்கள், குறைவான இடங்களில் பெரும்பாலும் திறந்த வெளி, உறையவைத்து ஜாமுக்குப் போகிற பழம், ஆகையால் வெறும் டன்னை வைத்து யார் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது என்று எழுதியிருந்தாய். அதையும் படித்தேன், ஆனால் அவர் காதில் பதினைந்து மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பிறகு கூடாரக்காரர்களில் பலர் குளிர்காலத்தில் தண்டு முழுவதையும் தரையோடு வெட்டிவிடுகிறார்கள், புதுத் தண்டு அதே வருடம் காய்க்கிறது என்ற வரி வந்தது. அடுத்த பத்தி இப்படித் தொடங்குகிறது, கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்: அப்பா அவசரக்காரர், சொன்னால் கேட்கமாட்டார், அதனால் நீயே அழுத்திச் சொல்லு அம்மா. அவசரக்காரர் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் பத்தியையே தாண்டிவிட்டேன், பிறகு எடுத்துப் பார்க்கவும் இல்லை. அன்றைக்குக் காலையில்தான் கிடங்குக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார், இதையும் வேறு கேட்க வேண்டுமா என்று நினைத்தேன். அந்தப் பத்தியில்தான் நம்முடையது இரண்டாம் வருடத் தண்டில் காய்க்கிற ரகம், வெட்டினால் ஒரு வருடப் பழம் போய்விடும், தொடவே கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய்.

பதினைந்து டன் ஆசையில் உன் அப்பா தண்டுகளை வெட்டக் கிளம்பிய அன்று மேஸ்திரி கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு வழியை மறித்தாள். இருபது வருடமாக ரெண்டாம் வருஷத் தண்டுலதான பறிக்கிறோம், இதையும் வெட்டிட்டா எதுலங்க பறிக்கிறது என்று கேட்டாள். போன வருடக் கடைசியில் புதுத் தண்டின் நுனியில் நாலு பழம் பார்த்ததை உன் அப்பா பெரிய சாட்சியாகப் பிடித்துக்கொண்டார். எம் பொண்ணு ஒன்பது நாட்டைப் பாத்துட்டு எழுதியிருக்கா, நீ ஒரு தோட்டத்தைப் பாத்துட்டுப் பேசாத என்று அவளிடம் சொன்னார், சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஆறு வரிசை முடிந்தபோது அவருடைய முழங்கால் மக்கர் செய்தது. அந்த முழங்காலால்தான் ஐந்து வரிசை பிழைத்தது. பூக்கிற காலத்தில் ஆறு வரிசையிலும் ஒரு பூகூட இல்லாததைப் பார்த்துவிட்டு நான் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் முழுவதும் படித்தேன். ஆகவே தப்பான யோசனை சொன்னாய் என்று உன் அப்பா போனில் கத்தின அன்று எனக்கு விஷயம் தெரியும். அதை மறைக்க முடியாது. நான் எழுதியிருந்தேனேப்பா என்று நீ சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. உங்கம்மா ஒரு வரி விடாம படிச்சா, அப்படி ஒண்ணும் அதுல இல்ல என்று அவர் சொன்னார். நான் பக்கத்தில் பழத்தட்டு துடைத்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. காரணம் பயம்தான், வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக விருப்பமில்லை. அதற்குப் பிறகு நீயே எழுதினோமா இல்லையா என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாய் போலிருக்கிறது. கையால் எழுதுகிறவளிடம் நகல் எங்கே இருக்கும்.

புதன்கிழமை காலை மேஸ்திரியையும் வரச் சொல்லிவிட்டு அந்தக் கடிதத்தைக் கொட்டகையில் மறுபடி படித்தேன், இந்தத் தடவை ஒரு வரி விடாமல். அவசரக்காரர் என்ற சொல் வந்தபோது மேஸ்திரி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். அடிக்கோடு போட்ட வரி வந்ததும் உன் அப்பா இன்னொரு தரம் படி என்றார், படித்தேன். வரிசைக்கு நடந்து போய் ஒரு தண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். மேஸ்திரியிடம், நீ சொன்னதுதான் சரி என்றார். அடுத்த வருஷம் பாருங்க, இந்தத் தண்டெல்லாம் வளைஞ்சு தொங்கும் என்று அவள் ஆறுதல் சொன்னாள், அது உண்மையும்தான், தண்டு ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனம் இருக்கிறது.  மறுநாள் என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி, இன்னும் எந்தெந்தக் கடுதாசியில வெட்டியிருக்க என்று. கடிதப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். இப்போது தினம் மதியம் முதலிலிருந்து வரிசையாகப் படிக்கிறோம். ஆணி, சுத்தியல் ஒன்றும் கையில் இல்லை, சும்மா உட்கார்ந்து கேட்கிறார்.

அதனால் நீ அலுவலகத்தில் ஒன்றும் எழுதிக் கொடுக்காதே, கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கு. அவளைப் போய் நின்னு பேசச் சொல்லு, வெட்டுற கதையையும் சேத்துச் சொல்லச் சொல்லு, எங்கள மாதிரி இன்னும் எத்தனை பேர் பதினஞ்சை மட்டும் கேட்டுட்டுக் கத்திரியைத் தூக்குறாங்களோ என்று உன் அப்பா சொல்லச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, அதற்குப் பதில் இதைத்தான் மூன்று தடவை சொன்னார். என் வாயில் வரும். என்னை மன்னித்துவிடு.

இன்னொரு விஷயம். நேற்று நாலாவது வருடத்துக் கடிதத்துக்கு வந்தோம், நீ பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து எழுதியது. அப்போது அதில் நாலு வரியைப் படித்துவிட்டு நலமாம் என்று முடித்துவிட்டேன், உனக்குக் கத்தி வைத்த விஷயமே அவருக்குத் தெரியாது. நேற்று எல்லாவற்றையும் படித்தேன். முடித்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அங்க எம் பொண்ணு கூட யாரு இருந்தா என்று கேட்டார்.  அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது நானும் அதைக் கேட்கவே இல்லை. நீ அவருக்கு எழுது, எனக்கு வேண்டாம், உறை மேல் அவர் பெயரைப் போடு. எழுத்தைப் பெரிதாக எழுது, தானே படிப்பேன் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், நூறு வருடம் நன்றாக இரு. மாத முடிவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, மறந்துவிடாதே.

வரி விடாமல் இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு உறையில் போடுகிற,
உன் அம்மா