ஜவ்வாதுமலையில் போட்ட ஸ்வெட்டர்

செஞ்சி,
திங்கட்கிழமை.

அன்புத் தங்கை வளர்மதிக்கு,

அக்கா கலைச்செல்வி எழுதுவது. நானும் நைனாவும் இருக்கிறோம். நீ நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்க்கா" என்பாய், எனக்குக் கோபம் வரும்.

இதை உன் கையில் கொடுப்பவள் சிங்கவரம் வெண்மதி. தன் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவள் நாளை ஓசூர் திரும்புகிறாள். உங்கள் கம்பெனி கேன்டீனில் வைத்துத் தருவாள். அங்கேயே படித்து அங்கேயே கிழித்துப் போடு. போனில் பேசலாம் என்றால், உன் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். மழை பெய்ததா, என்ன குழம்பு என்று கல்யாணம் ஆனதிலிருந்து நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று உன்னைக் கோட்டையில் பார்த்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. ராஜகிரி வாசலில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு கீறிக்கொண்டிருக்கிறேன், எதிரே கார் வந்து நிற்கிறது, நீ இறங்குகிறாய். பிறந்த ஊரைச் சுற்றிப் பார்க்க டூரிஸ்டாக வந்தவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். நான் எழுந்து ஓடி வந்தேன். கிட்டே வராதே என்று நீ கண்ணாலேயே சொன்னாய். கூட இறங்கிய உன் வீட்டுக்காரர் தனசேகரன் சிரித்துக்கொண்டே, "சும்மா கோட்டய பாத்துட்டு அப்டியே கெளம்புறோம் அண்ணி, வூட்டுக்கு வர டைம் இல்ல" என்றார். பெற்ற அப்பனைப் பார்க்க நேரமில்லை, பாறையைப் பார்க்க நேரமிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

கோட்டைக் குரங்குகளை நான் திட்டாத நாளில்லை. என் கொய்யாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே அவற்றுக்கு வேலை. நேற்று ஒன்று அவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு மதில் மேல் ஏறியது. அவர் அதைத் துரத்திப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நீ என் அருகில் வந்து சொன்னாய். "சனிக்கெழம கொல்லிமல போலாம்ங்குறாருக்கா. போன வாட்டி வியூ பாயின்ட்ல நிக்க வச்சி, இங்கேந்து தள்ளிவுட்டா கால் வழுக்கிச்சின்னு சொல்லிக்கலாம்னு சிரிச்சாரு. எனக்கு பயமா இருக்குது." அதற்குள் அவர் திரும்பிவிட்டார். நீ உடனே குனிந்து, வெள்ளரிக்காய் என்ன விலை என்று கேட்டாய். என்னிடம்! இன்று காலை அந்தக் குரங்குக் கூட்டத்துக்கு நானே கொய்யாப்பழம் போட்டேன்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் உன் போட்டோக்களைப் பார்த்தேன். நீ ஸ்டேட்டஸில் வைப்பதையெல்லாம் நைனா பிரின்ட் போட்டு வாங்கிவந்து கூடத்தில் மாட்டியிருக்கிறார் அல்லவா? ஏலகிரியில் படகு, ஏற்காட்டில் ஏரி, ஊட்டியில் பூந்தோட்டம், ஜவ்வாதுமலையில் அருவி. டீக்கடையில் போய், "எம் பொண்ணு இந்த வாரம் இன்னா மல தெரியுமா" என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வளர்மதி கொடுத்து வைத்தவள் என்று தெருவே பேசுகிறது. எனக்கும் பொறாமைதான். மலையடியில் கடை போட்டிருந்தும் வேறு ஒரு மலையை எட்டிப் பார்க்காதவள் நான்.

நேற்றுதான் அந்தப் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். ஏலகிரியில் முடியை அவிழ்த்து ஒரு கன்னத்தை மூடியிருக்கிறாய். பின்னல் போடாமல் வாசலுக்குக்கூட வராதவள் நீ. ஊட்டியில் ஒரு காதில் கம்மல் இல்லை. ஜவ்வாதுமலையில் கத்திரி வெயிலில், மணிக்கட்டு வரை மூடிய ஸ்வெட்டர் போட்டு நிற்கிறாய். பக்கத்தில் அவர் அரைக்கைச் சட்டை. இதெல்லாம் முன்பும் அந்தப் படங்களில் இருந்ததுதான். நாங்கள் உன் பின்னால் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கல்யாணமான புதிதில் நீ ஒருநாள் போனில் அழுதாயே, அன்று அவர் மாப்பிள்ளையிடம் பேசியது அவருக்கு நினைவு வந்துவிட்டது. "அவ கொஞ்சம் கோவக்காரி மாப்ள. சண்ட வந்தா எங்கனா மலப்பக்கம் கூட்டினு போங்க. குளிர்ச்சியா இருந்தா சரியாயிடுவா" என்று சொன்னாராம். அதற்கடுத்த வாரம்தான் ஏலகிரி. அவன் அதை நல்ல யோசனையாகப் பிடித்துக்கொண்டான். வாரத்தில் அடி, வாரக் கடைசியில் மலை. (இனி அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.) நைனா படங்களையெல்லாம் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, "நானே வழி சொல்லிக் குடுத்துட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நான் வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி. வரும் வெள்ளிக்கிழமை அமாவாசை. கடிதத்தோடு வெண்மதி ஒரு மஞ்சள் துணி முடிச்சும் தருவாள். உள்ளே காசு முடிந்திருக்கிறேன். அதை உன் மாமியார் கையில் காட்டு. குழந்தை வேண்டி அக்கா மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு முடிந்தது, இந்த அமாவாசைக்கு நானே போய்ச் சேர்க்க வேண்டும், சேர்க்காமல் வேறு எங்கும் பயணம் போகக்கூடாது என்று சொல். அந்த அம்மாவுக்குப் பேரன் மேல் ஆசை, அங்காளம்மன் மேல் பயம். மகனே வந்து தடுத்தாலும் உன்னை அனுப்பிவைப்பாள்.

சாமி பெயரில் பொய்யா என்று பயப்படாதே. நான் குளித்துவிட்டு, விளக்கேற்றி, மெய்யாகவேதான் முடிந்தேன். வேண்டிக்கொண்டது மட்டும் வேறு.

வெள்ளி காலை நைனாவும் பெரியப்பா மகன் இளவழகனும் கார் எடுத்துக்கொண்டு உன் வாசலுக்கு வந்துவிடுவார்கள். தனசேகரனும் கூட வருகிறேன் என்றால் வரட்டும். மலையனூரில் அம்மன் ஊஞ்சல் பார்க்க வரும் கூட்டத்தில் நம் சனம் அத்தனை பேரும் இருப்பார்கள், அங்கே அவன் கை நீளாது. அங்கிருந்து நீ நேரே நம் வீட்டுக்குத்தான். மறுநாள் மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் உன்னோடு வருகிறேன். அதற்கு முன்பே வீட்டில் ஏதாவது ஆனால் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காதே, கட்டிய துணியோடு வெண்மதி ரூமுக்குப் போய்விடு. அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பெட்டி எதுவும் கட்டாதே, சந்தேகம் வரும். படித்த சர்ட்டிபிகேட்டை மட்டும் பூஜைச் சாமான் பைக்கு அடியில் வைத்துக்கொள். புடவை போனால் போகிறது. ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. ஊருக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

எப்பாடு பட்டாவது கொல்லிமலைக்கு மட்டும் போய்விடாதே, கண்ணு. அழுது பார், காய்ச்சல் என்று படுத்துக்கொள், தீட்டு என்று சொல், என்ன வேண்டுமானாலும் செய். அந்தக் காரில் மட்டும் ஏறாதே.

அந்த ஸ்வெட்டரை அங்கேயே விட்டுவிட்டு வா. இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் கையைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அங்காளம்மா உன் கால்களைச் சமதரையிலேயே வைத்திருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை கடை போடாமல் வாசலிலேயே நிற்கப்போகும் உன் அக்கா,
கலைச்செல்வி