மாமியார் சொன்ன வயிற்றுவலி

இன்று காலை ஒரு மாணவி நீட்டிய கேஸ் ஷீட்டைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளி ஒரு பெண். பதில் சொன்னதெல்லாம் அவள் புருஷன். "அந்தம்மாவுக்கு வாயில்லையா?" என்றேன். "அவரே எல்லாம் சொல்லிட்டாருங்க சிஸ்டர்" என்றாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். யாரை நினைத்துக் கத்தினேன் என்று உனக்குத் தெரியும்.

புதுக்கோட்டையில் நாம் இருவரும் நர்ஸ் படிப்பின் கடைசி வருஷம். ஆலங்குடிப் பக்கத்திலிருந்து செல்லாயி என்ற பெண்ணை, வயிற்றுவலி என்று வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். விசாரித்து எழுதும் முறை அன்று என்னுடையது. மாமியார்தான் பேசினாள். "நேத்துப் பலாப்பழத்த நெறயத் தின்னுட்டா. வாயு புடிச்சிருக்கு." அப்படியே எழுதிக்கொண்டேன். மாமியார் பேசும்போது மருமகள் வாய் திறக்கக் கூடாது. நானும் அப்படி வளர்ந்தவள்தான், அதனால் உறுத்தவில்லை. டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றே அதைப் படித்து, வாயுவுக்கு மருந்து எழுதிவிட்டுப் போனார்.

நீ வந்து, "யாரைக் கேட்டுடி எழுதுன?" என்றாய். "வெந்நி வாங்கிட்டு வாங்க ஆத்தா" என்று மாமியாரை அங்கிட்டு அனுப்பினாய். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, வலியில்லாத பக்கமிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே வந்தாய். இடது விலாவுக்குக் கீழே போனதும் அவள் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தோளும் வலிக்குதா?"

"ஆமாக்கா. அவரு ஒதைச்சுட்டாரு. வெளிய சொல்லிறாதீங்க."

நாடி ஓட்டமாய் ஓடியது. உதை, விலா, தோள், நாடி, உள்ளே ரத்தம் கசியலாம் என்ற சந்தேகம், எல்லாவற்றையும் என் வரிகளுக்குக் கீழே எழுதி டாக்டரிடம் கொண்டுபோனாய்.

"டெம்பரேச்சர் எடுக்கிறதோட நிறுத்திக்க" என்று உன் வரிகளைக் குறுக்கே அடித்தார். "ஒரு தடவை தொட்டுப் பாருங்க சார்" என்று கெஞ்சினாய். தொடவில்லை. என்ன படிப்பு அது! கை நீட்டினால் எட்டுகிற வயிறு!

என் பக்கம் திரும்பினாய். "நீயும் கேட்டீல்லடி, சொல்லேன்."

கேட்டிருந்தேன். பரீட்சை பக்கத்தில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

மதியத்துக்குள் செல்லாயி வெளுத்துப்போனாள். நீ ஓடிப்போய்ப் பெரிய டாக்டரம்மாவைக் கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டரை மீறினாய் என்று உன்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். மறுத்தாய். ஆறு மாதம் கழித்துத்தான் உன்னைப் பரீட்சை எழுத விட்டார்கள். என் குறிப்பு தெளிவாக இருந்தது என்று மேட்ரன் மெச்சினார்! அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

நீ காமாலையில் போய் இரண்டு வருஷமாகிறது. ஒருநாளும் நீ என்னைக் குத்திக்காட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

சொந்தக்காரர்களை வெளியே அனுப்பாமல் பேனாவைத் திறக்கக் கூடாது என்பது என் வார்டில் சட்டம். கெட்டிக்காரச் சிஸ்டர் என்கிறார்கள். ஆனால் அந்தக் காகிதத்தில் செல்லாயி இன்னும் பலாப்பழம் தின்று செத்தவள்தான். எழுதியது நான்.