அம்மாவுக்கு ஒரு மொழி போதும் என்றோம்

எப்போது கூப்பிட்டாலும் "என்ன மக்கா?" என்று கேட்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகும் பாறசாலையில் மழைக்கு ஒரு குறைவும் இல்லை. எனக்குத்தான் அலுத்துவிட்டது அப்பா. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது. முதலில் குழம்பில் உப்பை மறந்தாள், பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள், இப்போது ஆட்களின் பெயர்களை மறக்கிறாள். நெய்யாற்றின்கரை டாக்டர் மருந்தை விடப் பழக்கம்தான் முக்கியம் என்றார். தினமும் நடக்க வேண்டும், கைக்கு ஒரு வேலை வேண்டும், வாய்க்குப் பேச்சு வேண்டும், கொஞ்சம் சிரித்தால் இன்னும் நல்லதாம். சிரிப்புக்கு நான் எங்கே போக?

பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு போட்டுவிட்டேன். காலையில் குளத்தங்கரை வரை நடத்திக் கூட்டிப் போகிறேன். வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுக்கிறேன். முருங்கைக்கீரையை உருவச் சொன்னால் காம்பையும் இலையையும் சேர்த்தே போடுகிறாள், நான் மறுபடி உட்கார்ந்து பொறுக்குகிறேன். ராத்திரி அவள் எழுந்து நடப்பதால் எனக்கும் உறக்கம் இல்லை. அவள் மூளைக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறேன், என் மூளையை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

இதற்கு நடுவில் உங்கள் செல்லப்பிள்ளை ராஜன். ஞாயிற்றுக்கிழமை தோறும் திருவனந்தபுரத்திலிருந்து பழமும் உபதேசமும் கொண்டு வருவான். ஒருநாள் ஏதோ வார இதழைப் படித்துவிட்டு வந்து, "அக்கா, ரெண்டு பாஷையும் கலந்து பேசினா அம்மைக்கு மண்டை குழம்பும். இனி தமிழு மட்டும் போதும், கேட்டியா?" என்றான். படித்தவன் சொல்கிறானே என்று நானும் தலையாட்டினேன்.

அன்றே கூரையில் ஏறி, டிவி ஆண்டெனாவைத் தமிழ் வரும் பக்கம் திருப்பினான். படத்தை விடப் புள்ளிதான் அதிகம் தெரிந்தது. பக்கத்து வீட்டு சரோஜினி சேச்சியிடமும் போய், அம்மாவிடம் தமிழில் மட்டும் பேசச் சொன்னான். "எனிக்கு தமிழு கேட்டா மனசிலாவும் மோனே. பறயான் நாணமாக்கும்" என்று, புரிந்தாலும் பேச வெட்கப்பட்டுப் போனவள், அதன் பிறகு வேலிப் பக்கமே வரவில்லை.

உங்களுக்குத் தெரியாததா அப்பா? அம்மாவுக்கு வீட்டுக்குள் தமிழ், வேலிக்கு அப்பால் மலையாளம், சண்டைக்கு மட்டும் இரண்டும். பாதி வாயைப் பூட்டிவிட்டு, ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று அவளையே கேட்டோம். பலாச்சக்கைக் காலம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. இப்படியே போய்விடுவாளோ என்று நான் பயந்தேன்.

போன மாதம் ஒருநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சேச்சி தன் கோழியைத் தேடி வந்தாள். கோழி தேடும் அவசரத்தில் ராஜன் சொன்னதெல்லாம் அவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? "அம்மே, ஞங்ஙளெ கோழி அவிடெ வந்நோ?" என்று கத்தினாள்.

"வந்நு! என்றெ சீர முழுவன் தின்னு!" என்றாள் அம்மா, தன் கீரையெல்லாம் போன கோபத்தில். கூடவே, "இனி வந்தா பிடிச்சு கறி வச்சுப்போடுவேன், பாத்துக்கோ!"

சேச்சி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நான் ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் பேசுவதைக் கேட்டு ராஜன் முதலில் முறைத்தான், பிறகு அவனே கூரையில் ஏறி ஆண்டெனாவைப் பழையபடி திருப்பி வைத்தான். அம்மா இப்போது பேசுகிறாள் அப்பா. சேச்சியோடு பேசுகிறாள், பால்காரரோடு பேசுகிறாள், கோழியையும் விடுவதில்லை.

ஆனால் முந்தாநாள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, திரும்பி என்னைப் பார்த்து, "நிங்ஙளு எவிடெயா?" என்று கேட்டாள். நீங்கள் எந்தப் பக்கம் என்று, அத்தனை மரியாதையாக, மலையாளத்தில். பெற்ற மகளிடம் அம்மா என்றைக்கு மலையாளம் பேசினாள்? "இவிடெ அடுத்தா" என்று, பக்கத்து வீட்டுக்காரி போலச் சொல்லி வைத்தேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்றெ மோளு இவிடெ உண்டு. பாவமாக்கும். ராத்திரி உறங்ஙத்தில்ல. ஞான் பறஞ்ஞா கேக்கத்தில்ல. நிங்ஙளு ஒந்நு பறயணம்." அவள் மகள் உறங்குவதே இல்லையாம். தான் சொன்னால் கேட்கமாட்டாளாம். நான்தான் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல?

இன்று மத்தியானம் சேச்சியை அம்மாவோடு பேச உட்காரவைத்துவிட்டு, உள்ளே பாய் விரித்துப் படுக்கப் போகிறேன். இனி தினமும் படுப்பேன். அம்மாவிடம் கொடுத்த வாக்கை உங்களிடமும் கொடுக்கிறேன். அவள் மகளை நான் பார்த்துக்கொள்கிறேன் அப்பா.

இப்படிக்கு,
அம்மா கவலைப்படுகிற அந்த மகள்