பத்து மணி நம்பர்

ஜனவரி 6, செவ்வாய்

பனி. ஏழரை வரை எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. சிஸ்டர் சொன்னபடி வெயில் ஏறிய பிறகே வாசலுக்குப் போனேன். நம்பர் (இனி ந.) 93.

வாங்க: மூச்சுக்கு இழுக்கும் பம்ப், சார்ஜர் வயர் (பூனை கடித்துவிட்டது), சபீராவுக்கு முட்டிவலித் தைலம்.

‘மூச்சு’ வாட்ஸ்அப் குரூப்புக்கு இன்றோடு ஒரு மாதம். கள்ளக்குறிச்சி நெஞ்சு டாக்டரிடம் வேலை செய்யும் கலா சிஸ்டர் நடத்துவது. பதினாலு பேர், அத்தனை பேரும் அறுபது தாண்டிய நுரையீரல்காரர்கள். சிலருக்குப் பீடி, சிலருக்கு அடுப்புப் புகை, எனக்கு முப்பத்தைந்து வருஷத்து மிளகாய், புளி மண்டித் தூசி. தினம் ஒரு சின்ன வீடியோ வரும். பம்பை எப்படி இழுப்பது, இரைத்தால் உதட்டைக் குவித்து எப்படி மெதுவாக ஊதுவது, இப்படி. காலை பத்து மணிக்கு எல்லாரும் விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் நம்பரை அனுப்ப வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே போனால் சிஸ்டர் உடனே போன் செய்வார். அனுப்பாதவர்களை விரட்டுவது என் வேலை. கேப்டன் என்று சிஸ்டரே பட்டம் கொடுத்தார். நானாகக் கேட்கவில்லை.

எலவனாசூர்கோட்டை முனியம்மா ஐந்து நாளாக 95, 95, 95. சந்தேகப்பட்டு போன் போட்டேன்.

“மிஷினு பேட்டரி பூட்ச்சி பாய். அதுக்கு இன்னா இப்ப? நேத்து இருந்த மூச்சுதான இன்னிக்கும் இருக்குது?”

விட முடியுமா? குரூப்பில் வாய்ஸ் போட்டேன். “நேத்து நம்பரு, எழுதி வெச்ச நம்பரு, எதுவும் செல்லாது. கிளிப்ப மாட்டன கையோட அனுப்பணும். சுடச்சுட வரணும்.” பன்னிரண்டு கட்டைவிரல் விழுந்தது. என் வீட்டுக்காரி சபீரா சமையலறையிலிருந்து: “மண்டிய மூடியும் அதிகாரம் போவல.”

ஜனவரி 7, புதன்

ந. 93. சளி கம்மி. பம்ப் வாங்கியாச்சு, தைலம் மறந்தேன், திட்டு வாங்கினேன்.

மலையிலிருந்து சின்னத்தம்பிக் கவுண்டர் அனுப்பியது 87. வாய்ஸில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு வாங்குகிறார். “எம்பத்தி... ஏழு... பாய்.” நேற்று வரை 93, 94 என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்த மனுஷன்.

கவுண்டர் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். முப்பது வருஷம் என் மண்டிக்குப் புளி அனுப்பினார், ஒரு மூட்டையில் ஒரு கல் இருந்ததில்லை. போன வருஷம் நெஞ்சு டாக்டர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து இருமுவது யார் என்று திரும்பிப் பார்த்தால் அவர். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் வந்து அதட்டினார். அதிலிருந்து பழையபடி ஒட்டிக்கொண்டோம்.

ஜனவரி 9, வெள்ளி

கவுண்டர் 86. நேற்றும் அதே.

ஜும்மா முடிந்து வந்ததும் சிஸ்டர் போன். “சும்மா உக்காந்திருக்கும்போதே இவ்ளோ கம்மின்னா வூட்லயே ஆக்சிஜன் வெக்க வேண்டி வரலாம் பாய். மலையில கரெண்டு அடிக்கடி போவுதாமே. டாக்டரு நேர்ல பாக்கணும்னு சொல்றாரு.” கவுண்டரோ பொங்கல் முடியட்டும் என்கிறாராம்.

அடுத்த போன் அவர் மகள் செல்வி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். “பொங்கலுக்கு வரன் மாமா. திரும்பும்போது அப்பாவ கையோட இட்டுக்கினு போயிடறன். நெலத்த சித்தப்பா பாத்துக்கட்டும். நீங்க சொன்னாதான் கேப்பாரு. ஒருவாட்டி மலைக்கு வாங்களேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் திருப்பூரில் இருந்துவிட்டு ஓடி வந்தவர் கவுண்டர். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “ஜன்னல்ல பாத்தா இன்னொரு ஜன்னலு பாய்,” என்றார். அவரை நானே அங்கே அனுப்ப வேண்டும். மத்தியானச் சோறு இறங்கவில்லை. பிரியாணி வேறு.

ஜனவரி 14, புதன். போகி

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. இன்று புகைப் பக்கமே போகாதீர்கள் என்று சிஸ்டர் வீடியோ. கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தாள் சபீரா. தெருவில் எதிர் வீட்டம்மா குரல்: “டேய், பாய் வூட்டுக்கு ஆவாதுடா, டயர அந்தாண்ட இட்டுக்கினு போங்கடா!” மனசு குளிர்ந்தது. ந. 92.

கவுண்டர் 85.

நாளை மறுநாள் விட்டு மறுநாள் மலைக்கு. என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை. “உசுரு இருந்தாதான கவுண்டரே நெலம்” என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே எனக்கே பிடிக்கவில்லை.

ஜனவரி 17, சனி

  நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும்.

முதல் பஸ். சபீரா கொடுத்தனுப்பியவை: குல்லா, மப்ளர், பம்ப் இரண்டு, வெந்நீர், நெய்ச்சோறு. வளைவுகளில் காது அடைத்தது. இறங்கிய இடத்திலிருந்து அவர் வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் ஏற்றம். நான்கு இடத்தில் நின்றேன். நின்ற இடத்திலெல்லாம் வீடியோவில் சொன்ன மாதிரி மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து ஊதினேன். வேலை செய்கிறது. ஆடு மேய்த்த அம்மா ஒருத்தி, “இன்னாத்துக்கு விசிலடிக்கறாரு இந்தப் பெரியவரு?” என்று தன் ஆட்டிடம் கேட்டாள்.

கவுண்டர் வீட்டு வாசலில் பை தயாராக இருந்தது. அவருடைய நான்கு வேட்டியும் அதில் அடங்கிவிட்டன. செல்வி காபி கொடுத்தாள். நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். கவுண்டர் எதிரே இருந்த மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வாதாடுவார் என்று நினைத்திருந்தேன்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் பாய்,” என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

பத்து மணி ஆகப் போனது. கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். “வா, நம்பர அனுப்பிட்டு வந்துடுவம்.”

வீட்டுக்குப் பின்னால் பாறை. இரண்டு தென்னை உயரம் இருக்கும், செங்குத்து. அதில் ஏறுகிறார்! நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உச்சிக்குப் போய், இடுப்பைப் பிடித்து, நெஞ்சு ஏறி இறங்க, உட்காரக்கூட இல்லாமல் விரலில் கிளிப்பை மாட்டினார். “எம்பத்தி... ஆறு...”

“கவுண்டரே! இங்க வந்து எதுக்கு அளக்கறீங்க?”

“பின்ன? வூட்ல ஏது டவரு? இங்கதான் போனு எடுக்கும்.”

“முந்தி 93, 94 வந்துச்சே, அது எங்க அளந்தது?”

“வூட்ல உக்காந்து அளந்து, உள்ளங்கையில எழுதிக்கினு வந்து அனுப்புவன். நீதான எழுதி வெச்சது செல்லாது, மாட்டன கையோட அனுப்பணும்னு சொன்ன?”

அப்படியே பாறையில் உட்கார்ந்திருந்தேன். கேப்டன் போட்ட ஒரு சட்டம். என் வாய்க்கொழுப்பு ஒரு மனுஷனை அவர் மலையிலிருந்தே இறக்கப் பார்த்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிஷமே சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை. அழுகையும் கொஞ்சம்.

கீழே வந்து அரை மணி நேரம் உட்கார வைத்தோம். குளிர்ந்த விரலில் நம்பர் தப்பாகக் காட்டும் என்பது மூன்றாவது வாரத்து வீடியோ, அதனால் உள்ளங்கையைத் தேய்க்கச் சொன்னேன். மாட்டினோம். 93. செல்வி குனிந்து பார்த்தாள். மறுபடி மாட்டச் சொன்னாள். 94.

செல்வி கையில் எழுதிக்கொண்டு பாறையேறி சிஸ்டருக்குப் போன் செய்தாள். இறங்கி வந்தபோது அவளுக்கே இரைத்தது. “சிஸ்டரு முதல்ல சிரிச்சாங்க, அப்பறம் ஏசனாங்க. ஏறும்போது நம்பரு எறங்கறதும் டாக்டருக்குத் தெரியணுமாம். திங்கக்கெழம இட்டாரச் சொன்னாங்க. டாக்டரு சொல்றதுதான் முடிவு.” பை வாசலிலேயே இருந்தது. எங்களைப் பார்த்துச் சொன்னாள்: “ரெண்டு கெழமும் சேந்து என் உசுர வாங்கறீங்க.”

நெய்ச்சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரி 18, ஞாயிறு

உடம்பு முழுக்க வலி. ந. 92. எழுந்திருக்கவே இல்லை.

குரூப்பில் வாய்ஸ். நடந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன், கேப்டன் வேலையை விட்டேன். முனியம்மா உடனே: “அப்ப எழுதி வெச்சது செல்லும்ல பாய்?” மற்றவர்களுக்காக சிஸ்டர் புது வீடியோவே எடுத்துவிட்டார். ஐந்து நிமிஷம் உட்கார், கை தேய், அளந்து நேரத்தோடு எழுது, பிறகு எங்கிருந்து வேண்டுமானாலும் அனுப்பு.

ஜனவரி 19, திங்கள்

கள்ளக்குறிச்சி. நானும் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் கவுண்டரை வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்க வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது, நடந்தால் இறங்குகிறது, பம்பை மாற்றித் தருகிறேன், பாறையில் நின்று நின்று ஏறுங்கள் என்றார்.

செல்விதான் கேட்டாள். “அப்பா மலையிலயே இருக்கலாமா டாக்டர்?”

“எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. மாசா மாசம் வரணும்.”

 கவுண்டர் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் செல்வி பையிலிருந்து நான்கு வேட்டியையும் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, காலிப் பையோடு பஸ் ஏறினாள். கண் துடைத்ததைப் பார்த்தேன். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி: “மாமா, பத்து மணிக்கு நம்பரு வரலன்னா எனக்குப் போன் போடுங்க!”

ஜனவரி 22, வியாழன்

நல்ல வெயில். ந. 93. தைலம் கடைசியில் வாங்கியாச்சு.

பத்துக்கு பதிமூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். கவுண்டர் இல்லை. 10.30 இல்லை. 11. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. பன்னிரண்டுக்கு செல்வியைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்து, வைத்து, எடுத்து. தொழுகையில் மனம் நிற்கவில்லை. சபீரா சோறு போட்டு மூடி வைத்தாள். 1.40க்கு வாய்ஸ் வந்தது, பாறைக்குக் கீழிருந்து டிராக்டர் சத்தம், நாலைந்து பேர் பேச்சு.

“மறந்தே பூட்டன் பாய். காலையில இருந்து கெழங்கு புடுங்கறாங்க, நெழல்ல உக்காந்து வேல வாங்கிக்கினு இருந்தன். எனக்கு நெஞ்சு நோவு இருக்குதுன்ற நெனப்பே இல்ல.”